வண்டி ஒன்று, சரக்கு வேறு

பிளஸ் டூ மாணவி, விருதுநகர்

கேள்வி: இயற்பியல் வகுப்பில் 'வெக்டர்' என்றால் திசை உள்ள அளவு. விலங்கியல் வகுப்பில் கொசு. உயிரித் தொழில்நுட்பத்தில் பிளாஸ்மிட். எதை எழுதினால் மார்க் வரும்?

பதில்: எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறீர்களோ, அந்த வகுப்பின் விடையை. ஆனால் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: சுமந்து செல்வது என்ற பொருளுள்ள லத்தீன் சொல். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதைக் 'காவி' என்கின்றன. காவுதல் என்றால் தோளில் சுமத்தல். காவடியில் இருப்பதும் அதே 'கா'தான். தமிழ்நாட்டில் உயிரியலில் 'கடத்தி' என்கிறோம். கொசு கிருமியைக் காவுகிறது. பிளாஸ்மிட் மரபணுவைக் காவுகிறது. இதை ஒரு வண்டி என்று நினைத்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது. வண்டியில் ஏறியிருக்கும் சரக்கு எது என்று கேட்டால் மீதியும் முடிந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

கேள்வி: மலேரியாவைச் சுமப்பது கொசுதான் என்று முதலில் காட்டியவர் யார்?

பதில்: ரொனால்ட் ராஸ். அல்மோராவில் பிறந்தவர், இந்திய மருத்துவப் பணியில் டாக்டர். யானைக்கால் புழு கொசுவுக்குள் வளர்வதைப் பாட்ரிக் மேன்சன் சீனாவின் அமோய் நகரில் ஏற்கெனவே கண்டிருந்தார். மலேரியாவையும் கொசுவில் தேடிப் பார் என்று ராஸைத் தூண்டியவர் அவரே. 1897-ல் ஊட்டிக்கு விடுப்பில் வந்த ராஸ், கீழேயுள்ள சீகூர் மலைப்பாதையில் மலேரியாவைத் தேடப் போய், தாமே மலேரியாவில் படுத்தார். தேறியதும் செகந்திராபாத் திரும்பினார். ஹுசைன் கான் என்ற நோயாளியைக் கடிக்கவிட்ட கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. ஆகஸ்ட் 20 அன்று, ஓர் அனாபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாவுக்கே உரிய கருநிற மணிகள் கொண்ட உருண்டைகள் தெரிந்தன. அந்த நாளைத்தான் உலகக் கொசு நாளாகக் கொண்டாடுகிறோம். ராஸுக்கு 1902-ல் நோபல் பரிசு கிடைத்தது. காய்ச்சலோடு கையை நீட்டிய ஹுசைன் கானையும் அந்த நாளில் நினைக்க வேண்டும்.

இல்லத்தரசி, மதுரை

கேள்வி: மலேரியாக்காரரைக் கடித்த கொசு உடனே என்னைக் கடித்தால் எனக்கும் வந்துவிடுமா?

பதில்: உடனே வராது. கொசு ஊசியல்ல, தொட்டில். உறிஞ்சிய ரத்தத்தோடு உள்ளே போன மலேரியா ஒட்டுண்ணி, கொசுவின் வயிற்றில் இணைந்து, வயிற்றுச் சுவரைத் துளைத்து, அங்கே பெருகி, பிறகு உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர வேண்டும். அதற்கு ஏறத்தாழ 10 முதல் 14 நாள் ஆகும். அதற்குள் பெரும்பாலான கொசுக்கள் செத்துப்போகும். ஆகவே கிழட்டுக் கொசுதான் ஆபத்தானது. கொசுவின் ஆயுளைச் சில நாள் குறைத்தாலே மலேரியா விழுந்துவிடும். 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் தடுக்கப்பட்ட மலேரியாவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, பூச்சிமருந்து தோய்த்த கொசுவலையால் தடுக்கப்பட்டது. ஒரு துண்டு வலை செய்த வேலை அது.

சலூன் கடைக்காரர், தஞ்சாவூர்

கேள்வி: அப்படியானால் கொசு எய்ட்ஸையும் சுமக்குமா?

பதில்: சுமக்காது. அந்த வைரஸ் கொசுவின் வயிற்றில் செரித்துப்போகும். பெருகாது, உமிழ்நீருக்கும் வராது. கொசு ரத்தத்தை உறிஞ்சும் குழாய் வேறு, உமிழ்நீரைச் செலுத்தும் குழாய் வேறு. எல்லா வண்டியிலும் எல்லாச் சரக்கும் ஏறாது. நீங்கள் கவனிக்க வேண்டியது உங்கள் கடை பிளேடு. ஆளுக்கொரு புது பிளேடு போடுங்கள்.

குடும்பத் தலைவி, சென்னை பெரம்பூர்

கேள்வி: டிரம் தண்ணீரைக் கொட்டிக் காயவைத்தேன். ஒரு மாதம் கழித்து மழைத் தண்ணீர் பிடித்தேன். மூன்றாம் நாள் புழு நெளிகிறது. எங்கிருந்து வந்தது?

பதில்: டிரம்மின் சுவரிலிருந்து. டெங்குவைச் சுமக்கும் ஏடிஸ் எஜிப்தி கொசு, தண்ணீரில் முட்டையிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டிவைக்கிறது. அந்த முட்டை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் தொட்டதும் பொரியும். கொட்டினால் மட்டும் போதாது, சுவரை நார் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மொட்டைமாடி டயர், பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றையும் அப்படியே. இது பகலில் கடிக்கும் கொசு. பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு அப்பால் பெரும்பாலும் போகாது. உங்களைக் கடித்த ஏடிஸ் உங்கள் தெருவில்தான் பிறந்திருக்கும்.

ஆட்டோ ஓட்டுநர், கோவை

கேள்வி: தெருவில் புகை அடித்துவிட்டுப் போனார்கள். இனி டெங்கு பயம் இல்லைதானே?

பதில்: பறந்துகொண்டிருந்த கொசுவில் ஒரு பகுதி செத்திருக்கும். தொட்டியில் இருக்கும் புழுவுக்கும் சுவரில் இருக்கும் முட்டைக்கும் ஒன்றும் ஆகாது. புகை இன்றைக்கு, நார் நாளைக்கு. இரண்டும் வேண்டும், இரண்டாவது இல்லாமல் முதலாவதற்குப் பயனில்லை.

விவசாயி, திருவண்ணாமலை

கேள்வி: மாடு மேய்க்கப் போன என் அண்ணனுக்குக் காய்ச்சல். இடுப்பில் சிகரெட் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு. டாக்டர் 'உண்ணிக் காய்ச்சல்' என்றார். மாட்டு உண்ணியா?

பதில்: இல்லை. பெயர்தான் உண்ணிக் காய்ச்சல். 'ஸ்க்ரப் டைபஸ்' என்ற இந்த நோயைச் சுமப்பது புதரில் வாழும் சிலந்திப்பேனின் குஞ்சு. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு சிறியது. பாக்டீரியா தாயிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கே வந்துவிடுவதால், பிறக்கும்போதே சரக்கோடு பிறக்கிறது. உங்கள் டாக்டர் அந்தப் பொருக்கைத் தேடிப் பார்த்தாரே, அதுதான் நல்ல வைத்தியம். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு என்று உடையை விலக்கிப் பார்த்தால்தான் தெரியும். டாக்சிசைக்ளின் என்ற விலை மலிவான மருந்து இதைக் குணமாக்கும். தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். புதர்க்காட்டுக்குப் போய் வந்தால் குளியுங்கள், உடையைத் துவைத்துப் போடுங்கள். காய்ச்சல் வந்தால் மேய்ச்சலுக்குப் போனதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

வாசகர், யாழ்ப்பாணம்

கேள்வி: இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. இனிக் கவலையில்லைத்தானே?

பதில்: 2016 செப்டம்பரில் கிடைத்த அந்தச் சான்று உங்கள் சுகாதார ஊழியர்கள் போர்க்காலத்திலும் விடாமல் உழைத்து ஈட்டியது. ஆனால் அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் ஒரு புதுக் கொசு பிடிபட்டது: அனாபிலிஸ் ஸ்டெபென்சி. சென்னையில் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளர்ந்து நகரத்துக்கு மலேரியா கொண்டுவரும் அதே இனம். சரக்கு தீர்ந்துவிட்டது, வண்டி வந்து நிற்கிறது. காய்ச்சலோடு ஒரு பயணி வந்திறங்கினால் போதும். ஆகவே காய்ச்சல் கண்டவுடன் ரத்தப் பரிசோதனை செய்வதையும், கிணற்றுக்கு மூடி போடுவதையும் நிறுத்தாதீர்கள்.

பொறியாளர், ஓசூர்

கேள்வி: இவ்வளவு தொல்லை எதற்கு? கொசு இனத்தையே அழித்துவிட்டால் என்ன?

பதில்: கொசுவில் 3,500-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு, மனிதருக்கு நோய் கொண்டுவருபவை சிறுபான்மை. 2018-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், மலட்டுத்தன்மையைத் தலைமுறைதோறும் தானாகப் பரப்பும் ஒரு மரபணுவை ஆப்பிரிக்க அனாபிலிஸ் கொசுவில் வைத்தார்கள். கூண்டுக்குள் இருந்த கொசுக்கூட்டம் 7 முதல் 11 தலைமுறைக்குள் அற்றுப்போனது. கூண்டுக்கு வெளியே விட்டால் திரும்ப அழைக்க முடியாது என்பதால் அவசரம் கூடாது.

எனக்கு இன்னொரு வழியில் நம்பிக்கை அதிகம். வொல்பாக்கியா என்ற பாக்டீரியா பல பூச்சிகளில் இயல்பாகவே வாழ்கிறது. அதை ஏடிஸ் கொசுவுக்குள் குடியேற்றினால், டெங்கு வைரஸால் அந்தக் கொசுவில் சரியாகப் பெருக முடிவதில்லை. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் இப்படிப்பட்ட கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. நம் புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் வொல்பாக்கியா உள்ள ஏடிஸ் கொசுக்களை உருவாக்கி 2022-ல் அறிவித்தது. வண்டியை எரிக்க வேண்டாம். அதில் சரக்கு ஏறாமல் செய்தால் போதும்.

கல்லூரி மாணவர், திருநெல்வேலி

கேள்வி: நோய் தரும் வைரஸையே சிகிச்சைக்கும் பயன்படுத்துகிறார்களாமே? எப்படி?

பதில்: உயிரணுவின் கதவைத் திறக்கக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பழகியது வைரஸ். அந்தத் திறமையை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் சொந்த மரபணுக்களை எடுத்துவிட்டு, நோயாளிக்குத் தேவையான மரபணுவை உள்ளே வைக்கிறார்கள். உள்ளே போகத் தெரியும், பெருகத் தெரியாது. 1990-ல் அமெரிக்காவில், நோய் எதிர்ப்பாற்றல் இல்லாமல் பிறந்த நான்கு வயதுச் சிறுமியின் ரத்த வெள்ளணுக்களுக்கு இந்த முறையில் மரபணு கொடுத்தார்கள். மரபணு சிகிச்சையின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது.

வங்கி ஊழியர், சேலம்

கேள்வி: நான் போட்டுக்கொண்ட கோவிஷீல்டும் இந்த வகையா? என் மரபணு மாறிவிட்டதா?

பதில்: ஆம், இந்த வகைதான். மரபணு மாறவில்லை. கோவிஷீல்டின் வண்டி, சிம்பன்சியிடமிருந்து எடுத்துப் பெருக முடியாமல் செய்த அடினோவைரஸ். சரக்கு, கொரோனாவின் முள்புரதத்துக்கான குறிப்பு. உங்கள் மரபணுத் தொகுதிக்குள் தன்னை வெட்டி ஒட்டும் நொதி அந்த வைரஸிடம் இல்லை. மிகச் சிலருக்கு ரத்தக்கட்டு உண்டானது உண்மை. அதை மறைக்கத் தேவையில்லை. கோவாக்சின் வேறு வகை. முழு வைரஸைச் செயலிழக்கச் செய்து கொடுப்பது.

செவிலியர், திருச்சி

கேள்வி: இந்தச் சிகிச்சையில் உயிர் போனதும் உண்டாமே?

பதில்: உண்டு. அந்தப் பெயரை மரபணு சிகிச்சை படிக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்: ஜெஸ்ஸி கெல்சிங்கர், வயது 18. கல்லீரலில் ஒரு நொதிக் குறைபாடு. உணவுக் கட்டுப்பாட்டோடும் மாத்திரையோடும் வாழ்ந்துகொண்டிருந்தார். இதே குறையோடு பிறக்கும் பச்சிளங் குழந்தைகளுக்குப் பயன்படட்டும் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தார். 1999 செப்டம்பர் 13 அன்று அடினோவைரஸ் கடத்தியைச் செலுத்தினார்கள். உடலின் எதிர்ப்பாற்றல் அந்த வண்டியின் மேலேயே பாய்ந்தது. நான்காம் நாள் இறந்தார்.

அடுத்த அடி பாரிஸிலும் லண்டனிலும் விழுந்தது. எதிர்ப்பாற்றல் இல்லாத 20 குழந்தைகளுக்கு ரெட்ரோவைரஸ் வழியாக மரபணு கொடுத்தார்கள், பெரும்பாலோர் தேறினார்கள். ஆனால் ஐந்து பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்து, ஒரு குழந்தை இறந்தது. சரக்கு சரியானது, அது இறங்கிய இடம், புற்றுநோயைத் தூண்டக்கூடிய ஒரு மரபணுவின் வாசலில். இன்று பயன்படுத்தும் கடத்திகளில், பக்கத்து மரபணுவைத் தூண்டும் அந்தப் பகுதியை நீக்கியிருக்கிறார்கள். இந்தப் பாதுகாப்புக்கு விலை கொடுத்தவர்கள் இந்தப் பிள்ளைகள்.

தாய், ஈரோடு

கேள்வி: என் மகனுக்கு டுஷேன் தசைச்சிதைவு. முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவு உள்ள குழந்தைக்கு ஒரே ஊசியில் மரபணு கொடுக்கிறார்கள். இவனுக்கு ஏன் அவ்வளவு எளிதாக இல்லை?

பதில்: அம்மா, இடம் போதவில்லை. அந்த ஊசியில் இருக்கும் வண்டி, ஏ.ஏ.வி. என்ற சிறிய வைரஸ். அகலம் சுமார் 25 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் அளவு ஒரு நானோமீட்டர். அதில் ஏறக்கூடியது ஏறத்தாழ 4,700 மரபணு எழுத்துகள். அந்தக் குழந்தைக்கு வேண்டிய மரபணு சிறியது, தாராளமாக ஏறுகிறது. உங்கள் மகனுக்கு வேண்டிய டிஸ்ட்ரோபின் மரபணுவில், புரதத்துக்கான பகுதி மட்டுமே ஏறத்தாழ 11,000 எழுத்து. ஆகவே அதன் முக்கியமான துண்டுகளை மட்டும் சேர்த்து 'மைக்ரோ டிஸ்ட்ரோபின்' செய்கிறார்கள். அது முழு மரபணுவுக்கு ஈடாகாது. கல்லீரல் பாதிப்பு போன்ற ஆபத்துகளும் உண்டு. நம்பிக்கை வையுங்கள், ஆனால் விளம்பரத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள். மரபியல் மருத்துவர் ஒருவரிடம் நேரில் உட்கார்ந்து பேசுங்கள். இப்போது செய்யும் உடற்பயிற்சியையும் மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

மருந்துக்கடைக்காரர், வேலூர்

கேள்வி: எங்கள் ஊரில் ஹீமோபிலியாவுக்கு மரபணு சிகிச்சை செய்தார்களாமே. உண்மையா?

பதில்: உண்மை, பெருமைக்குரிய உண்மை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்தது. ஹீமோபிலியா 'ஏ' உள்ளவர்களுக்கு எட்டாம் உறைகாரணி சுரக்காது. சிறு அடிபட்டாலும் மூட்டுக்குள் ரத்தம் கசியும். ஐந்து நோயாளிகளின் ரத்தத்திலிருந்து மூல உயிரணுக்களை எடுத்து, லென்டிவைரஸ் வழியாக அந்த மரபணுவை ஏற்றி, திரும்ப அவர்கள் உடலிலேயே செலுத்தினார்கள். பிறகு அவர்களுக்கு ரத்தக்கசிவு ஏற்படவில்லை. 2024 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் முடிவுகள் வந்தன. ஐந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கை. பல ஆண்டு கவனிக்க வேண்டும்.

அந்த லென்டிவைரஸ் எங்கிருந்து வந்தது தெரியுமா? எய்ட்ஸ் வைரஸிலிருந்து. நோய் தரும் பகுதிகளை நீக்கி, மரபணுவை உயிரணுவில் பதிக்கும் திறமையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது: கொசு சுமக்கும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 1955-ல், வேலூர்ப் பகுதியில். கடத்தியின் இரண்டு முகத்தையும் பார்த்த ஊர் உங்களுடையது.

வாசகி, நாகர்கோவில்

கேள்வி: முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவுக்கான ஒரு ஊசிக்கு 16 கோடி ரூபாய். உண்டியல் குலுக்கித்தான் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமா?

பதில்: அந்த நிலை கூடாது. 2019-ல் அமெரிக்காவில் அந்த ஊசி 21 லட்சம் டாலருக்கு மேல் விலையோடு வந்தது. பின்னர் வந்த ஹீமோபிலியா 'பி' சிகிச்சை 35 லட்சம் டாலர். தூய்மையான கடத்தியைத் தயாரிப்பது செலவு மிகுந்த வேலை, நோயாளிகளும் குறைவு. ஆனாலும் இந்த விலை விதியல்ல. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மையமும் உருவாக்கிய புற்றுநோய் உயிரணு சிகிச்சை 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. அதுவும் லென்டிவைரஸ் கடத்தியைக் கொண்டதுதான். அமெரிக்க விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது. கடத்தியை நாமே தயாரிக்கக் கற்றால் விலை இறங்கும். அரசு பணம் போட வேண்டிய இடம் அந்தத் தயாரிப்புக்கூடம்.

ஆராய்ச்சி மாணவி, சென்னை

கேள்வி: வைரஸே இல்லாமல் மரபணுவைக் கொண்டுசேர்க்க முடியாதா?

பதில்: முடிகிறது. எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளில் வந்த நுண்ணிய கொழுப்பு உருண்டை நினைவிருக்கிறதா? 2025-ல் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில், அம்மோனியாவை வெளியேற்ற முடியாமல் பிறந்த ஒரு கைக்குழந்தைக்கு, அந்தக் குழந்தையின் பிழைக்கென்றே செய்த மரபணுத் திருத்தியை அந்த உருண்டையில் வைத்துக் கொடுத்தார்கள். வைரஸ் கடத்தியை ஒரு முறை கொடுத்தால் உடல் அதை நினைவில் வைத்துக்கொண்டு மறுமுறை விரட்டும். கொழுப்பு உருண்டையை மறுபடியும் கொடுக்கலாம். அந்தக் குழந்தைக்கு மூன்று தவணை கொடுத்தார்கள். இப்போதைக்கு அது எளிதாகப் போய்ச் சேரும் ஊர் கல்லீரல். மூளைக்கும் தசைக்கும் வழி கண்டுபிடிப்பது உங்கள் தலைமுறையின் வேலை.

பள்ளி ஆசிரியை, புதுக்கோட்டை

கேள்வி: கொசு நமக்கு நல்லது எதையாவது சுமந்து வருமா? வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான், பதில் தெரியவில்லை.

பதில்: அந்த மாணவனைத் தட்டிக்கொடுங்கள். சுமந்து வந்திருக்கிறது. நெதர்லாந்தின் லைடன் நகரில், ஒரு மரபணுவை நீக்கி வலுவிழக்கச் செய்த மலேரியா ஒட்டுண்ணியைக் கொசுவுக்குள் ஏற்றி, தன்னார்வலர்களைக் கடிக்கவிட்டார்கள். மூன்று தவணை, தவணைக்கு 50 கடி. பிறகு உண்மையான மலேரியாக் கொசுக்களை விட்டுக் கடிக்கவைத்தபோது, 9 பேரில் 8 பேருக்கு மலேரியா வரவில்லை. 2024-ல் வெளியான முடிவு இது. தடுப்பு மருந்தைக் கொசுவே கொண்டுவந்தது. ராஸ் பார்த்த அதே அனாபிலிஸ் குலம், அதே உமிழ்நீர் வழி. ஏற்றிய சரக்கை மாற்றியவர்கள் மனிதர்கள்.

கல்லூரிப் பேராசிரியர், காரைக்குடி

கேள்வி: இத்தனையையும் படித்த சாதாரண வாசகர் என்ன செய்ய வேண்டும்?

பதில்: இரண்டு வேலை. வீட்டில் அறிவியல் படிக்கும் பிள்ளை இருந்தால், பூச்சியியலும் வைரஸ் ஆய்வும் மதிப்புக் குறைந்த படிப்பு என்று திருப்பிவிடாதீர்கள். புதுச்சேரியும் வேலூரும் அவர்களுக்காகக் காத்திருக்கின்றன. இன்னொன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. ஏடிஸ் முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகிறது. ஆகவே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பத்து நிமிடம் ஒதுக்கி, வீட்டில் தண்ணீர் தேங்கும் எல்லாப் பாத்திரத்தையும் கொட்டி, சுவரை நார் போட்டுத் தேய்த்து, கவிழ்த்து வையுங்கள். இந்த வாரமே தொடங்குங்கள்.